கட்டுமாவடியும் கண்ணாடிக் கதவும்

தஞ்சாவூர் ஜில்லாவின் கடற்கரை முடிந்து புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரை ஆரம்பமாகும் இடத்தில் கட்டுமாவடி இருக்கிறது. "புதுக்கோட்டைக்குக் கடற்கரை உண்டா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஏரியும் கண்மாயும் ஏராளமாக இருந்தன. கடல் என்பது மட்டும் கிடையாது. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் சேர்ந்தது. 1974-ல் புதுக்கோட்டையைத் தனி ஜில்லாவாக அமைத்தபோது, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிச் சீமையையும் எடுத்து அதனுடன் சேர்த்தார்கள். மன்னர் காலத்தில் கிட்டாத சமுத்திரம் இப்படியாகக் குடியரசுக் காலத்தில் கிட்டியது. நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இருக்கும். அதன் வடகோடி கட்டுமாவடி.

சென்னையில் அலையைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்தால், இது கடலா, ஏரியா என்று சந்தேகப்படுவார்கள். எதிரே இலங்கைத் தீவு மறித்துக் கொண்டு கிடப்பதால் பாக் விரிகுடாவில் பெரிய அலை எழும்புவதில்லை. நீர் வற்றும் வேளையில் வெகு தூரம் வரையில் சேறும் கடற்புல்லும் தென்படுகின்றன. அந்தப் புல்லை மேய்வதற்குக் கடற்பசு வருகிறது. சாதுவான அந்தப் பிராணிக்காக 2022-ஆம் வருஷம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசுக் காப்பகம் என்று இந்தியாவில் ஏற்பட்டது இதுவே முதல். கடற்பசு இந்தக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக் கரைக்கும் இஷ்டம் போலப் போய் வரலாம். அதனிடம் பாஸ்போர்ட்டு கேட்பார் இல்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலம். மீன் சந்தையில் ஏலம் நடந்து கொண்டிருந்தது. நண்டு ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம், பெரிய கொடுவா மீன்கள் சில தனி மரியாதையுடன் ஒரு பக்கம். பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வியாபாரிகள் விரலை அசைத்தும் புருவத்தை உயர்த்தியும் விலை பேசிக் கொண்டிருந்தார்கள். தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் மிகுதி, இங்கே நாட்டுப்படகுகளே. ஊரைச் சுற்றிலும் தென்னை. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போயிற்று. விழுந்தவற்றுக்குப் பதில் நட்ட கன்றுகள் இப்போதுதான் மனிதன் தலைக்கு மேல் ஓலை விரிக்கின்றன. புயலுக்குப் பின் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அக்கரைச் சீமைக்குப் போனார்கள் என்று டீக்கடையில் விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தார்கள். எண்ணியவர்களுக்குக் கைவிரல் போதவில்லை.

அங்கேதான் ஒரு வேடிக்கையான பேச்சு நம் காதில் விழுந்தது. "நம்ம ஊரிலே எல்லாரும் ஈ.சி.ஆர். ஆள்தான்" என்றார் ஒருவர். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர் வழியாகப் போகிறது. அதற்கு ஜனங்கள் வழங்கும் பெயர் ஈ.சி.ஆர். ஆகையால் நாம் சாலையைச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது பாஸ்போர்ட்டில் விழும் முத்திரையை! இங்கிலீஷில் அதற்கும் அதே மூன்றெழுத்து. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 தேசங்களுக்கு உத்தியோகம் பார்க்கப் போவதானால் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்தப் பதினெட்டில் சேர்ந்தவை. மோசக்காரத் தரகர்களிடமிருந்து பாமர ஜனங்களைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு. உத்தேசம் உயர்ந்ததுதான். ஆனால் காப்பாற்றுவதற்காகக் குத்திய முத்திரையே, "இவன் படிக்காதவன், இவனிடம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்" என்று எழுதி ஒட்டிய சீட்டாகவும் ஆகிவிடுகிறது. நாம் பள்ளிக்கூட உபாத்தியாயர். எத்தனை பாஸ்போர்ட்டில் இந்த முத்திரை விழுகிறது, எத்தனையில் விழாமல் போகிறது என்பதற்கும் நம் தொழிலுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதனால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை.

நம்மிடம் முன்பு படித்த பையன் ஒருவன் விடுமுறையில் ஊர் வந்திருந்தான். உண்மையில் அவனைப் பார்க்கத்தான் நாம் கட்டுமாவடிக்குப் போனது. கணக்கில் மூன்று மார்க்கில் பத்தாம் வகுப்பைக் கோட்டை விட்டவன். நாலு கூடை இறாலுக்கு என்ன விலை, அதில் படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்வதில் மட்டும் நம்மையும் மிஞ்சக்கூடியவன். இப்போது மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டி, ரொட்டி போட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். முதல் முறை புறப்பட்டபோது நடந்ததை நம்மிடம் சொன்னான். எந்த ஊர் நிலையம் என்பது இங்கே அவசியம் இல்லை.

வழியனுப்ப வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். இந்தக் காலத்து வழியனுப்புதலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயிலடி என்றால் வண்டி நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு ஓடலாம். துறைமுகம் என்றால் கப்பல் கண்ணுக்கு மறையும் வரை கையை ஆட்டலாம். விமான நிலையத்தில் இருப்பது ஒரு கண்ணாடிக் கதவு. அது திறந்து ஒருவனை விழுங்கிவிட்டு மூடிக் கொள்கிறது. வெளியே நிற்பவர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே போகிறவன் இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிறான். அதற்குமேல் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே அதிகாரிகள்தான்.

அந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முத்திரையைப் பார்த்தார்.

"எத்தனாவது படிச்சே?"

"பத்தாவது பெயில் சார்."

"அதான் மூஞ்சியிலேயே எழுதியிருக்கே. அந்தப் பக்கம் போய் நில்லு."

சுவரோரமாக நின்றான். அனுமதிச் சீட்டு, வேலை ஒப்பந்தம், டிக்கெட்டு எல்லாம் கையில் இருந்தன. அவற்றை நீட்டிய போதெல்லாம் "நில்லுன்னா நில்லு" என்ற பதிலே வந்தது. அவனுக்குப் பின்னால் வந்த கோட்டு அணிந்த கனவானை அதே வாய் "வாங்க சார்" என்று அழைத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்த பிறகு, ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை மேஜைமேல் வீசினார்கள். அவன் ஓடிப் போய் விமானத்தைப் பிடித்தான்.

கதை இவ்வளவே. லஞ்சம் இல்லை, அடி உதை இல்லை, ஒரு சாமானும் பறிபோகவில்லை, விமானமும் தவறவில்லை. "புகார் எழுதிக் கொடுத்திருக்கலாமே!" என்று சொல்ல நாம் வாயெடுத்தோம். எடுத்தவுடனே, என்னவென்று எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. சந்தேகம் தோன்றினால் பிரயாணியை நிறுத்தி வைக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. "நீ" என்று அழைத்தது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? இங்கிலீஷில் அந்தப் புகாரை மொழிபெயர்க்கக்கூட முடியாது. அந்தப் பாஷையில் அரசருக்கும் ஆண்டிக்கும் முன்னிலையில் ஒரே சொல்தான். தமிழிலோ ஒருவரைச் சுவரோரம் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஒருமையில் விளித்தால் போதும், அவர் தானே சுவரோரம் போய்விடுவார்.

இந்தக் கரையோரத்து ஜனங்களுக்கு இது புது அனுபவம் அல்ல. எல்லைக் கோடு என்பது கடலில் ஏற்படுவதற்கு முன்னால் இக்கரைத் தோணிகளும் அக்கரைத் தோணிகளும் அடுத்த தெருவுக்குப் போவது போல் போய் வந்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களின் பெரு வழி அதுவாயிற்று. அந்த வழியின் வாசலில் மண்டபம் முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தேயிலைத் தோட்டக் கூலிகளாகப் போகிறவர்களை அங்கே இறக்கி, வைத்தியச் சோதனை செய்து, அம்மை குத்தி, காலராவும் பிளேக்கும் இல்லையென்று நிச்சயமாகும் வரையில் சில நாள் காவலில் வைத்திருந்து, பிறகே கப்பல் ஏற்றினார்கள். உயர்ந்த வகுப்பு டிக்கெட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் கெடுபிடி இவ்வளவு இல்லை. காலராக் கிருமி வகுப்புப் பார்த்து ஏறும் என்பது அந்நாளைய வைத்திய சாஸ்திரம் போலும்! 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே கூலி ஒவ்வொருவருக்கும் தகர வில்லை ஒன்று கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்பதைக் காட்டும் அடையாளம் அதில் பொறித்திருக்கும். பெயரைக் கேட்க வேண்டாம். வில்லையைப் பார்த்தால் போதும். பாஸ்போர்ட்டைத் திறந்ததும் பெயரைப் படியாமல் முத்திரையைத் தேடும் கண்ணுக்கு வயது நூறுக்கு மேல்.

மண்டபம் முகாமின் கதை அத்துடன் முடியவில்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று ஏற்பட்டது. அவ்வருஷம் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து போனபடியால், ராமேசுவரத்தில் வந்து இறங்கியவர்களை மண்டபத்தில் வைத்தார்கள். போகும்போது தாத்தா நின்ற வரிசையில் திரும்பும்போது பேரன் நின்றான். 1983-க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களுக்கும் அதே முகாம். மூன்று தலைமுறையாக மாறாத வரிசை!

அவமானம் ஏழைக்கு மட்டுந்தான் என்று சொல்லிவிட முடியாது. 1896 டிசம்பர் 18-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்த இரண்டு கப்பல்களில் சுமார் 800 இந்தியர்கள் இருந்தார்கள். பம்பாயில் பிளேக் என்பதைக் காரணமாகக் காட்டி, ஜனவரி 13 வரையில் அவர்களைக் கரையிறங்க விடவில்லை. அவர்களில் ஒருவர் பாரிஸ்டர் காந்தி. நோயைக் காட்டிலும் அந்த பாரிஸ்டருக்கே அங்குள்ள வெள்ளையர்கள் அதிகம் பயந்தார்கள் என்பது, அவர் இறங்கியதும் கூட்டம் செய்த ரகளையிலிருந்து தெரிந்தது. நம் காலத்தில், இதே பாக் விரிகுடாக் கரையில் ராமேசுவரத்தில் பிறந்து ராஷ்டிரபதியாக இருந்த அப்துல் கலாமை, 2009 ஏப்ரலில் டில்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் சிப்பந்திகள் உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். முன்னாள் ராஷ்டிரபதிக்கு அந்தச் சோதனை கிடையாது என்று விதி இருந்தும் அப்படி நடந்தது. ஜூலையில் விஷயம் வெளிவந்து, பார்லிமெண்டில் கூச்சல் எழுந்து, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் பாதரட்சையையும் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். இரண்டு தடவையும் கலாம் வாய் திறந்து குறை சொன்னவர் அல்ல, தேசந்தான் சொன்னது. தேசம் கோபித்துக் கொண்டது முற்றிலும் சரி. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கட்டுமாவடிப் பிள்ளைகள் அதே கதவு வழியாகப் போகிறார்கள்! அவர்களுக்காகப் பார்லிமெண்டில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்து, எது அசல், எது போலி என்று தீர்மானிப்பது லேசான வேலை அல்ல. திருட்டுத்தனமாகத் தங்கம் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கூலிக்குச் சாமான் சுமந்து போய் வருவோருக்குக் "குருவி" என்று செல்லப் பெயரே உண்டு. குருவிகளைப் பிடிக்கத்தான் வேண்டும். சோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. டீக்கடையில் இருந்தவர்களும் சொல்லவில்லை. "பெட்டியைக் கொட்டிப் பார்க்கட்டும், சார். பார்த்துட்டு, 'எடுத்து வச்சுக்கங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றார் அவர்களில் மூத்தவர். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

2023 டிசம்பர் கடைசியில் இலங்கையிலிருந்து சென்னை வந்திறங்கிய புது மணப்பெண் ஒருத்தியின் விஷயம் பத்திரிகைகளில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எவ்வளவு நகை கொண்டு வரலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்புகிற பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரையில் தீர்வை இல்லை என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்ததோ பதினோரு பவுன் தாலிக்கொடி. சுங்க அதிகாரி அதைக் கழற்றச் செய்து வாங்கி வைத்துக் கொண்டார். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2025-இன் தொடக்கத்தில் தனி நீதிபதி ஒருவர், நகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதுடன், தாலியைக் கழற்ற வைத்த முறையையும் கண்டித்தார். உடம்பில் அணிந்த நகை "சாமான்" ஆகுமா ஆகாதா என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடுவோம். கட்டுமாவடிப் பெண்களுக்கு அந்த வாதம் வேண்டியதில்லை. "கழுத்திலே கை வச்சாங்களாமே" என்பது ஒன்றே அவர்கள் நினைவில் நிற்கிறது.

பாஷையையும் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ இங்கிலீஷிலோ பேசும்படி கேட்ட பார்லிமெண்ட் அங்கத்தினர் கனிமொழியிடம், பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர், "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டதாக அவரே வெளியிட்டார். 2023 டிசம்பரில் கோவா நிலையத்தில் ஹிந்தி அறியாத ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் இது போன்ற பாடம் நடந்தது. இதற்கெல்லாம் தமிழ் தெரிந்தவர்களை நியமித்தால் சரியாகிவிடும் என்பார்கள். நியமிக்க வேண்டியதுதான். ஆனால் நம் பழைய மாணாக்கனைப் பார்த்து "மூஞ்சியிலேயே எழுதியிருக்கே" என்றவர் பேசியது சுத்தமான தமிழ் அல்லவா?

திருச்சிராப்பள்ளி விமான நிலையம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் எல்லாம் அங்கிருந்தே கிளம்பலாம். 2024 ஜனவரியில் திறந்த புதுக் கட்டடத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் வர்ணங்களையும் கோலங்களையும் சித்திரித்திருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது. மேலே சொன்ன சம்பவத்தை இந்த நிலையத்தின் தலையில் நேயர்கள் ஏற்ற வேண்டாம். கோலத்தைப் பார்த்ததும் நமக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறோம். நம் பெண்கள் வாசலில் கோலம் போடுவது, வருகிறவர் யாராயிருந்தாலும் "வாருங்கள்" என்று சொல்வதற்காக. சுவரில் அதை எழுதிவிட்டால் போதாது. எல்லா நிலையங்களிலும் மேஜைக்குப் பின்னால் இருப்பவரும் அதைச் சொல்ல வேண்டும். அதிகாரியின் பெயர் பிரயாணி படிக்கும்படி தமிழில் இருக்கட்டும். நிறுத்தி வைத்தால் காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். உத்தியோகப் பயிற்சியில் நூறு சட்டங்களைப் படிக்கிறவர்கள், அந்தந்த நாட்டு மக்களை மரியாதையாக விளிக்கும் சொல்லையும் ஒரு நாள் படிக்கட்டும். இதற்கெல்லாம் புது யந்திரம் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

மாலையில் பையனின் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அக்காள் மலேசியாவில் ஈப்போவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வரும் மாதம் பிரசவம். அம்மாளை அழைத்துப் போக அவன் டிக்கெட்டு வாங்கிவிட்டான். அம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. அவருடைய புதுப் பாஸ்போர்ட்டிலும் அந்த முத்திரை விழுந்திருக்கிறது. வேலைக்கு அல்லாமல் மகளைப் பார்க்கப் போகிறவருக்கு முன் அனுமதி தேவையில்லை. இதை நாம் இரண்டு தடவை எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக் கொண்டே இருந்தார். முகத்தில் தெளிவு ஏற்படவில்லை. மகன் சுவரோரம் நின்ற கதை அவருக்குத் தெரியும். தாலிக்கொடிக் கதையும் தெரியும். புருஷனைக் கடல் கொண்டு போன பிறகும் படகுக்காரர்களிடம் தலை நிமிர்ந்து நின்று ஏலம் எடுத்து, கூடை சுமந்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். சந்தையில் அவரை "ஆத்தா" என்றல்லாமல் வேறுவிதமாக யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் நாமே அதைக் கேட்டோம்.

"பேறுகாலத்துக்குத் தாயி போகாம யாரு போறது?" என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டார். பிறகு உள்ளே போய், பெட்டியில் வைத்திருந்ததை எல்லாம் எடுத்து வந்து நம் முன்னால் பரப்பினார். பிரசவ மருந்துச் சாமான்கள், சுக்கு, திப்பிலி, குழந்தைக்குப் பழந்துணி, துணியில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம். கருவாட்டை அந்த ஊர்ச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள் என்று மகன் சொன்னான். மறுபேச்சில்லாமல் அதைத் தனியே எடுத்து வைத்தார். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பவும் மடித்து, முன்போலவே பெட்டியில் அடுக்கினார். யாராவது கொட்டிப் பார்த்தால் மறுபடி எப்படி அடுக்குவது என்று பழகிக் கொள்கிறவரைப் போல, இன்னொரு முறையும் எடுத்து அடுக்கினார்.

நாம் விடைபெற எழுந்தபோது வாசல் வரையில் வந்தார்.

"சார், உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார். "அந்த ஆபீசர் எம்மவன் வயசுக்காரராத்தான் இருப்பாரு. அவரை நான் 'தம்பி'ன்னு சொல்லலாமா, 'ஐயா'ன்னுதான் சொல்லணுமா?"